முதல் தடவை மட்டும் திக்கும் சவுண்ட் எஃபெக்ட்: எதை, எப்போது, எவ்வளவு ப்ரீலோட் செய்வது?

#1 தட்டான்

வணக்கம். யூனிட்டி கேம் என்ஜினில் ஓர் ஆர்கேட் கேம். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும். 60 சவுண்ட் எஃபெக்ட், சராசரி நீளம் 1.2 விநாடி. எல்லாமே 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, 16 பிட் வேவ். இம்போர்ட் செட்டிங்கில் யூனிட்டி தானாக வைப்பதுதான் இருக்கிறது: வோர்பிஸ் (சுருக்கிய ஒலி வடிவம்), டிகம்ப்ரஸ் ஆன் லோட் (லோட் ஆகும்போதே முழுக்கப் பிரித்து மெமரியில் வைப்பது). மாற்றியது ஒன்றே ஒன்று, ‘ப்ரீலோட் ஆடியோ டேட்டா’ (சீன் திறக்கும்போதே ஒலியை மெமரிக்கு ஏற்றுவது) டிக்கை எடுத்திருக்கிறேன். டிக் இருந்தால் 3 ஜிபி ராம் போனில் முதல் சீன் திறக்க ரொம்ப நேரம் பிடிக்கிறது.

இப்போது சீன் சட்டென்று திறக்கிறது. ஆனால் முதல் காசு எடுக்கும்போது ஒரு திக்கல் (கேம் ஒரு கணம் நின்று ஓடுகிறது), முதல் குண்டு வெடிக்கும்போது இன்னொரு திக்கல். அதே சவுண்ட் இரண்டாம் தடவை வந்தால் எந்தத் தடங்கலும் இல்லை. எடிட்டரில் இது தெரியவே இல்லை.

60-ஐயும் ஆரம்பத்திலேயே லோட் செய்துவிடலாமா? மெமரி தாங்குமா?

#2 சுரபேதம்

திக்கல் அந்த டிக்கால்தான். ஒரு சவுண்ட் ஸ்பீக்கருக்குப் போவதற்கு முன் ஃபைலை ஸ்டோரேஜிலிருந்து படிக்க வேண்டும், வோர்பிஸைப் பிரித்து பிசிஎம் (சுருக்காத நேரடி ஒலித்தரவு) ஆக்க வேண்டும், அதற்கு மெமரி ஒதுக்க வேண்டும். அதன் பிறகுதான் மிக்சர் அதைக் கலக்கும். டிக் இல்லாத க்ளிப்புக்கு, சீன் திறக்கும்போது நீளம், சேனல் எண்ணிக்கை மாதிரியான விவரம் மட்டுமே மெமரிக்கு வருகிறது. மீதி வேலை முழுவதும் முதல் முறை ப்ளே அல்லது ப்ளேஒன்ஷாட் கூப்பிடும் அந்தக் கணத்தில், மெயின் த்ரெட்டை (கேமை ஓட்டும் முதன்மைச் செயலோட்டத்தை) நிறுத்தி வைத்து நடக்கிறது. விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிவிநாடிதான் இருக்கிறது. மலிவான போனில் இந்த வேலை அதைத் தாண்டிப் போவதில் ஆச்சரியம் இல்லை. இரண்டாம் தடவை பிசிஎம் ஏற்கெனவே மெமரியில் இருப்பதால் தடங்கல் இல்லை.

எடிட்டரை வைத்து முடிவு கட்டாதீர்கள். கம்ப்யூட்டரின் சிபியூவும் எஸ்எஸ்டியும் இதை மறைத்துவிடும். டெவலப்மெண்ட் பில்டைப் போனில் போட்டு, ப்ரொஃபைலரை (எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் கருவியை) இணைத்துப் பாருங்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். சீன் திறக்க நேரமானது எஃபெக்ட்களால்தானா? பின்னணி இசை எத்தனை டிராக், அவை எந்த செட்டிங்கில் இருக்கின்றன?

#3 தட்டான்

மூன்று டிராக். ஒவ்வொன்றும் 2 நிமிடம். அவையும் அதே செட்டிங்தான்: வோர்பிஸ், டிகம்ப்ரஸ் ஆன் லோட், ஸ்டீரியோ.

#4 சுரபேதம்

அப்படியானால் கணக்கைப் பாருங்கள். பிசிஎம் அளவு என்பது சாம்பிள் ரேட் × சேனல் × 2 பைட் × விநாடி. 48,000 × 2 × 2 = விநாடிக்கு 1,92,000 பைட்.

60 எஃபெக்ட் × 1.2 விநாடி = 72 விநாடி. மொத்தம் 13.8 எம்பி.
3 டிராக் × 120 விநாடி = 360 விநாடி. மொத்தம் 69 எம்பி.

சீனைத் தாமதப்படுத்தியது அந்த 69 எம்பிதான். நீண்ட இசையை முழுக்கப் பிரித்து மெமரியில் வைக்க எந்தத் தேவையும் இல்லை. மூன்று டிராக்கையும் ஸ்ட்ரீமிங்குக்கு (ஒலிக்கும்போதே ஃபைலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பதற்கு) மாற்றுங்கள். ஸ்ட்ரீமிங் க்ளிப் ஒவ்வொன்றுக்கும் சுமார் 200 கிலோபைட் கூடுதல் செலவு உண்டு என்று யூனிட்டி கையேடு சொல்கிறது. 2 நிமிட டிராக்குக்கு அது ஒன்றுமே இல்லை. அதே காரணத்தால் குட்டி எஃபெக்ட்களை ஸ்ட்ரீமிங்கில் வைக்கவே கூடாது. 70 கிலோபைட் சவுண்டுக்கு 200 கிலோபைட் செலவழித்து, போதாக்குறைக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்டோரேஜைத் தொடுவதில் என்ன லாபம்?

அடுத்து, எஃபெக்ட்களில் ‘ஃபோர்ஸ் டு மோனோ’ போடுங்கள். போன் ஸ்பீக்கரில் காசு சத்தம் ஸ்டீரியோவாக இருப்பதால் எதுவும் கூடுவதில்லை. 13.8 எம்பி உடனே 6.9 ஆகிவிடும். இந்த அளவை ஆரம்பத்திலேயே லோட் செய்து கேம் முடியும்வரை வைத்திருக்கலாம், 2 ஜிபி போனிலும்.

#5 பனைமரம்

ஃபோர்ஸ் டு மோனோ போடும்போது அதற்குக் கீழே ‘நார்மலைஸ்’ என்று ஒரு டிக் தானாகவே விழுந்திருக்கும், அதைக் கவனியுங்க. அது ஒவ்வொரு க்ளிப்பின் உச்சத்தையும் தூக்கி நிறுத்திவிடும். மெதுவாக வைத்திருந்த காலடிச் சத்தம் வெடிச்சத்தத்துக்குச் சமமாகக் கேட்கும். சவுண்ட் டிசைனர் லெவல் பார்த்துக் கொடுத்த ஃபைல் என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்க.

இன்னொண்ணு, இடம் வலம் பிரித்துச் செய்த ஸ்டீரியோ ஃபைல்களில் சிலதை மோனோ ஆக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சத்தம் மெலிந்துபோகும். அகலமாகக் கேட்பதற்காக எஃபெக்ட் போட்ட ‘வூஷ்’ மாதிரிச் சத்தங்களில் இது அதிகம். 60-ஐயும் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுவிடுவது நல்லது.

#6 கருவண்டு

எல்லாவற்றையும் பிரித்து வைப்பதற்குப் பதில் ‘கம்ப்ரஸ்ட் இன் மெமரி’ வைத்தால் போதாதா? வோர்பிஸாகவே மெமரியில் இருக்கும், பிரித்து வைப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு இடம்தான். 6.9 எம்பி எதற்கு?

#7 சுரபேதம்

இந்த கேமுக்கு அது பொருந்தாது, கருவண்டு. வோர்பிஸைக் கம்ப்ரஸ்ட் இன் மெமரியில் வைத்தால், ஒலிக்கும் ஒவ்வொரு சவுண்டையும் ஒவ்வொரு தடவையும் ஓடும்போதே டிகோட் செய்தாக வேண்டும். பத்துக் காசை ஒரே வரிசையில் அள்ளும்போது பத்து டிகோடர் ஒரே நேரத்தில் ஓடும். மெயின் த்ரெட்டில் திக்கல் போய்விடும், உண்மைதான். அதற்குப் பதில் சிபியூ முக்கும் நேரத்தில் சத்தம் கரகரவென்று உடையும். அது திக்கலைவிட மோசம், ஏனென்றால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

வோர்பிஸ் + கம்ப்ரஸ்ட் இன் மெமரி எதற்குச் சரி என்றால், 5 முதல் 15 விநாடி நீளமுள்ள, ஒரு லெவலுக்கு ஓரிரு முறை மட்டும் வரும் சத்தங்களுக்கு: வெற்றி இசைத்துண்டு, கதாபாத்திரப் பேச்சு போன்றவை.

மெமரி உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் நடுவழி ஏடிபிசிஎம் என்ற லேசான சுருக்க முறை. பிசிஎம்மைவிட 3.5 மடங்கு சிறியது, டிகோட் செலவு வோர்பிஸோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. 6.9 எம்பி சுமார் 2 எம்பி ஆகும். காலடி, மோதல், துப்பாக்கி, வெடி என்று ஏற்கெனவே இரைச்சல் கலந்த சத்தங்களில் அதன் குறை காதுக்குத் தெரியாது. ஆனால் மணி, வீணை போன்ற தூய சுரத்தில், அதுவும் சத்தம் தேய்ந்து அடங்கும் கடைசிப் பகுதியில், ‘ஸ்ஸ்’ என்று ஒரு படலம் நன்றாகக் கேட்கும். அந்த ஏழெட்டு ஃபைலை மட்டும் பிசிஎம்மிலோ டிகம்ப்ரஸ் ஆன் லோடிலோ விடுங்கள்.

சாம்பிள் ரேட்டையும் குறைக்கலாம், பார்த்துக் குறைக்க வேண்டும். 22,050 ஹெர்ட்ஸில் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளது எதுவும் மிஞ்சாது. கதவு, இடி, உறுமல் ஆகியவற்றுக்குப் பாதகம் இல்லை. காசு, கண்ணாடி, வாள் உரசல் இவற்றின் உயிரே அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது.

#8 தட்டான்

இசை ஸ்ட்ரீமிங், எஃபெக்ட் மோனோ, நார்மலைஸ் இல்லை, ப்ரீலோட் டிக்கையும் திரும்பப் போட்டுவிட்டேன். சீன் திறக்கும் நேரம் பெரிதாகக் குறைந்திருக்கிறது, முதல் தடவைத் திக்கலும் இல்லை. ஆனால் லோடிங் பட்டை ஓர் இடத்தில் உறைந்து நின்று பிறகு ஓடுகிறது. ‘லோட் இன் பேக்ரவுண்ட்’ போட்டால் சரியாகுமா?

#9 நிலா78

உறைவது சரியாகும், வேறொன்று கெடும். லோட் இன் பேக்ரவுண்ட் இருந்தால் சீன் அந்த க்ளிப்புக்காகக் காத்திருக்காது. லோட் முடியாத க்ளிப்பை நீங்கள் ப்ளே செய்தால் யூனிட்டி அந்தக் கட்டளையைத் தள்ளி வைத்து, லோட் முடிந்ததும் ஒலிக்கவிடும். குண்டு வெடித்து, புகை அடங்கி, அப்புறம் ‘டொம்’ என்று கேட்கும்.

அதனால் பேக்ரவுண்ட் லோடை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எஃபெக்ட் க்ளிப்களில் ப்ரீலோட் டிக்கை எடுத்து, லோட் இன் பேக்ரவுண்டைப் போடுங்கள். லோடிங் திரையில் ஒரு கோரூட்டின் (வேலையைப் பல ஃப்ரேமுக்குப் பிரித்து ஓடும் ஃபங்ஷன்) வைத்து ஒவ்வொரு க்ளிப்புக்கும் லோட்ஆடியோடேட்டா கூப்பிடுங்கள். மொத்தத்தையும் ஒரே ஃப்ரேமில் கூப்பிடாமல், ஃப்ரேமுக்கு நான்கு என்று அனுப்பினால் பட்டை சீராக ஓடும். பிறகு க்ளிப்பின் லோட்ஸ்டேட் (லோட் எந்த நிலையில் இருக்கிறது என்பது) ‘லோடட்’ ஆகும்வரை காத்திருங்கள். இங்கே கட்டாயம் ‘ஃபெயில்ட்’ நிலையையும் சோதிக்க வேண்டும். ஒரு ஃபைல் கெட்டுப்போயிருந்தால் ‘லோடட்’ வராது. லோடிங் திரை அப்படியே நின்றுவிடும். ஒரு சத்தம் இல்லாவிட்டாலும் கேம் ஓட வேண்டும், எனவே அந்த க்ளிப்பை லாகில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

வரிசையும் முக்கியம். மெனு பட்டன் சத்தம் எல்லாவற்றுக்கும் முன்னால். அடுத்து ஆட்டம் தொடங்கிய முதல் பத்து விநாடியில் வரக்கூடியவை: குதித்தல், காசு, அடி, சாவு. பாஸ் எதிரியின் (லெவலின் பெரிய எதிரி) சத்தங்கள் ஆட்டம் ஓடும்போதே பின்னால் வந்துகொள்ளட்டும். ஆனால் பாஸ் வாசலுக்கு முன்னால் இன்னொரு முறை லோட்ஸ்டேட் பார்க்கும் வரி ஒன்று இருக்க வேண்டும்.

காசு, அடி மாதிரி நேரத்தோடு ஒட்டிய சத்தங்களை ஒலிக்கும் ஃபங்ஷனில் ‘லோடட் இல்லையென்றால் ஒலிக்காதே’ என்று ஒரு நிபந்தனை வையுங்கள். பிந்தி வரும் சத்தத்தைவிட வராத சத்தமே மேல்.

#10 ஆழி

அட்ரசபிள்ஸ் (அசெட்களைத் தேவைப்படும்போது ஏற்றி இறக்கும் யூனிட்டி ஏற்பாடு) வழியாக லோட் செய்பவர்கள் கவனத்துக்கு. லோட்அசெட்அசின்க் முடிந்தது என்றால் ஆடியோ க்ளிப் என்ற அசெட் வந்துவிட்டது என்றுதான் பொருள். அந்த க்ளிப்பில் ப்ரீலோட் டிக் இல்லையென்றால் உள்ளே ஒலித்தரவு இன்னும் வரவில்லை. முதல் ப்ளேயில் அதே திக்கல் வரும். அசெட் வந்த பிறகு லோட்ஆடியோடேட்டாவையும் கூப்பிட வேண்டும், அல்லது டிக் போட வேண்டும்.

விடுவிக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே பண்டிலில் (அசெட்களைக் கட்டிய பொட்டலத்தில்) 40 சவுண்ட் இருந்து, அதில் 39-ஐ ரிலீஸ் செய்து ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் பண்டில் இறங்காது. மெனு சத்தம், லெவல் 1, லெவல் 2 என்று, எவை ஒன்றாக வந்து ஒன்றாகப் போகுமோ அவற்றை ஒரே பண்டிலாகக் கட்டுங்கள்.

எல்லா க்ளிப்பையும் பிடித்து வைத்திருக்கும் ஒற்றை ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட் (தரவை மட்டும் வைத்திருக்கும் யூனிட்டி அசெட்) பலருடைய ப்ராஜெக்டில் இருக்கும். மெனு சீனில் அதற்கு ஒரே ஒரு ரெஃபரன்ஸ் போதும், ப்ரீலோட் டிக் உள்ள எல்லாச் சத்தமும் மெனுவிலேயே வந்து இறங்கிவிடும், கடைசி லெவலின் சத்தம் உட்பட.

#11 கீழவாசல்

யூனிட்டி இல்லாமல் ஆண்ட்ராய்டில் நேரடியாகக் காட்லின் மொழியில் எழுதுகிறேன், குட்டிச் சத்தங்களுக்கான ஆண்ட்ராய்டின் சவுண்ட்பூலை வைத்து. லோட் கூப்பிட்ட அடுத்த வரியிலேயே ப்ளே கூப்பிட்டால் சத்தமே வரவில்லை. எர்ரரும் இல்லை. 8 விநாடி நீளமுள்ள ஒரு சத்தம் ஆறாவது விநாடிக்குள் அறுந்துபோகிறது. இரண்டும் ஒரே பிரச்சினையா?

#12 பனைமரம்

வேற வேற.

முதலாவது: சவுண்ட்பூலின் லோட் பின்னணியில் நடப்பது. அது உடனே ஓர் எண்ணைத் திருப்பித் தரும், ஆனால் அந்த நேரத்தில் டிகோட் முடிந்திருக்காது. அப்போது ப்ளே கூப்பிட்டால் 0 திரும்பும், லாக்கேட்டில் (ஆண்ட்ராய்டின் லாக்) ‘சாம்பிள் நாட் ரெடி’ என்ற எச்சரிக்கை மட்டும் விழும், ஆப் கவிழாது. ஆன்லோட்கம்ப்ளீட் லிசனரை (லோட் முடிந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷனை) முதலில் மாட்டுங்க, அப்புறம் லோட் கூப்பிடுங்க. இந்த வரிசை மாறினால் குட்டி ஃபைல்கள் லிசனர் மாட்டுவதற்குள் முடிந்து, தகவல் உங்களுக்கு வராமலே போகும். லிசனரில் வரும் ஸ்டேட்டஸ் 0 என்றால் வெற்றி. வந்த எண்களை ஒரு செட்டில் போட்டு, எல்லாம் வந்ததும் லோடிங் திரையை விலக்குங்க.

இரண்டாவது: சவுண்ட்பூல் ஒவ்வொரு சாம்பிளையும் (இங்கே லோட் செய்த ஒரு முழுச் சத்தம்) 16 பிட் பிசிஎம்மாகப் பிரித்து வைக்கும், ஒரு சாம்பிளுக்கு 1 எம்பிதான் இடம். ஃபைலின் அளவைப் பார்க்காதீங்க, பிரித்த பிறகு வரும் அளவுதான் கணக்கு. 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் அது 6 விநாடிக்குக் கொஞ்சம் குறைவு, மோனோவில் 12 விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. மிஞ்சியதை எதுவும் சொல்லாமல் வெட்டிவிடும். உங்க 8 விநாடி சத்தத்தை மோனோ ஆக்கினால் முழுசா வரும். அதைவிட நீளம் என்றால் மீடியாபிளேயருக்குக் கொடுங்க.

சவுண்ட்பூலை உருவாக்கும்போது பில்டரில் ஆடியோஆட்ரிபியூட்ஸ் போட்டு யூசேஜ் கேம் என்று சொல்லுங்க. மேக்ஸ்ஸ்ட்ரீம்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சத்தங்களின் எண்ணிக்கை) சொல்லாமல் விட்டால் 1 தான். அடுத்த சத்தம் வந்ததும் முந்தியது செத்துவிடும். 8 அல்லது 10 வையுங்க. அந்த எண்ணிக்கை நிரம்பினால் ப்ரையாரிட்டி குறைந்த, பழைய சத்தத்தை நிறுத்தித்தான் புதுசுக்கு இடம் கொடுக்கும். அதனால் சாவு, பரிசு மாதிரியானவற்றுக்கு ப்ளேயில் கூடுதல் ப்ரையாரிட்டி கொடுங்க. லோடிலும் ஒரு ப்ரையாரிட்டி எண் கேட்கும், அதற்கு எந்தப் பலனும் கிடையாது, 1 என்று போட்டுவிட்டுப் போங்க.

அடிக்கடி குழம்பும் இடம்: லோட் தருவது சவுண்ட் ஐடி, ப்ளே தருவது ஸ்ட்ரீம் ஐடி. ஸ்டாப், பாஸ் (தற்காலிக நிறுத்தம்), செட்வால்யூம் எல்லாத்துக்கும் ஸ்ட்ரீம் ஐடிதான் வேணும். சவுண்ட் ஐடியைக் கொடுத்தால் சம்பந்தமே இல்லாத வேறொரு சத்தம் நிற்கும், அல்லது எதுவுமே நடக்காது.

#13 ஆழி

பனைமரம் சொன்னதோடு ஒன்று. அசெட்ஸ் ஃபோல்டரிலிருந்து ஓப்பன்எஃப்டி வழியாக லோட் செய்யும்போது, அந்த ஃபைல் ஏபிகேவுக்குள் (ஆப்பின் இன்ஸ்டால் ஃபைலுக்குள்) கம்ப்ரஸ் ஆகியிருந்தால் ‘ஃபைல் டிஸ்க்ரிப்டராகத் திறக்க முடியாது’ என்று எக்செப்ஷன் வரும். ஓஜிஜி, எம்பி3, வேவ் ஆகியவற்றை பில்ட் கருவி வழக்கமாகக் கம்ப்ரஸ் செய்யாமல் விட்டுவிடும். நீங்களாக ‘.டேட்’ என்றோ வேறு பெயரிலோ எக்ஸ்டென்ஷனை மாற்றியிருந்தால்தான் சிக்கல். அந்த எக்ஸ்டென்ஷனை க்ரேடில் பில்ட் கருவியின் நோகம்ப்ரஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

#14 கீழவாசல்

லிசனர், மோனோ இரண்டும் வேலை செய்கின்றன. இப்போது இன்னொன்று கவனிக்கிறேன்: கேமில் கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டு வரும் முதல் சத்தம் மட்டும் லேசாகப் பிந்துகிறது. இசையை ஆன் செய்துவிட்டால் இது இல்லை. ப்ரீலோட் தான் முடிந்துவிட்டதே?

#15 சுரபேதம்

ப்ரீலோட் மெமரி வரைக்கும்தான் கொண்டுவரும். சில விநாடி எதுவும் ஒலிக்காவிட்டால் ஆண்ட்ராய்டு அந்த ஆடியோ வெளியீட்டைத் தூங்கவைக்கும், பேட்டரிக்காக. அடுத்த சத்தம் வரும்போது அதை எழுப்ப நேரமாகிறது. இசை ஓடிக்கொண்டிருந்தால் அது விழித்தே இருக்கும், உங்கள் கவனிப்பு அதோடு பொருந்துகிறது.

ஆட்டம் நடக்கும் திரையில் மட்டும், குட்டியான மௌன க்ளிப் ஒன்றை முடிவில்லா லூப்பில் ஓட்டலாம். லூப் எண் -1. மெனுவிலும் பாஸ் திரையிலும் கட்டாயம் நிறுத்துங்கள், இல்லையென்றால் பேட்டரியைத் தின்னும். யூனிட்டியில் இது தேவைப்படாது, அதன் மிக்சர் வெளியீட்டைத் தொடர்ந்து திறந்தே வைத்திருக்கும்.

தாளத்தோடு தட்டும் கேம் என்றால் சவுண்ட்பூலோடு நிற்காமல் ஓபோ லைப்ரரிக்குப் போய்விடுங்கள். கூகுள் வெளியிட்ட சி++ லைப்ரரி. ஆண்ட்ராய்டின் ஒலி வழிகளில், புதிய போனில் ஏஆடியோவையும் பழைய போனில் ஓப்பன்எஸ்எல்லையும் தானே தேர்ந்தெடுக்கும். அங்கே ப்ரீலோட் முழுக்க உங்கள் பொறுப்பு: எல்லா எஃபெக்டையும் முன்னரே பிரித்து, வெளியீட்டின் சாம்பிள் ரேட்டுக்கே மாற்றி, ஒரே அரேயில் வைத்திருக்க வேண்டும். ஒலித்தரவு கேட்டு சிஸ்டம் கூப்பிடும் கால்பேக்குக்குள் ஃபைல் படிப்பது, மெமரி ஒதுக்குவது, லாக் போடுவது (இன்னொரு த்ரெட்டுக்காகக் காத்திருக்கவைக்கும் பூட்டு) மூன்றும் கூடவே கூடாது. மூன்றில் எது நடந்தாலும் சத்தம் உடையும்.

#16 கருவண்டு

பழைய பதிவுகளில் ‘லோடிங் திரையில் எல்லாச் சத்தத்தையும் வால்யூம் 0-வில் ஒரு தடவை ப்ளே செய்துவிடு’ என்று எழுதியிருக்கிறார்களே, அது இன்னும் தேவையா?

#17 நிலா78

யூனிட்டியில் தேவையில்லை. டிக் இல்லாத க்ளிப்பை வலுக்கட்டாயமாக லோட் செய்யவைக்கும் சுற்றுவழி அது. அதே வேலையை லோட்ஆடியோடேட்டா நேராகச் செய்கிறது, முடிந்ததா என்று கேட்கவும் முடிகிறது. வால்யூம் 0 வழியில் 60 சத்தம் ஒரே நேரத்தில் கிளம்பும். ஆனால் உண்மையில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சத்தங்களின் (ரியல் வாய்சஸ்) உச்சவரம்பு யூனிட்டியில் வழக்கமாக 32. சவுண்ட்பூலில் அந்த வழி அர்த்தமே இல்லாதது: லோட் ஆகாத சாம்பிளை எந்த வால்யூமில் ப்ளே செய்தாலும் 0 தான் திரும்பும்.

#18 மருதம்

ஐஓஎஸ் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். ஸ்விஃப்டில் நேரடியாகச் செய்பவர்களுக்கு.

ஏவிஆடியோபிளேயர் (ஒரு ஃபைலை ஒலிக்கும் ஆப்பிளின் பிளேயர்) வைத்தால் ப்ரிப்பேர்டுப்ளே கூப்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது பஃபரை நிரப்பி ஆடியோ ஹார்டுவேரையும் பிடித்து வைக்கும். பலரும் தவறவிடுவது இது: ஸ்டாப் கூப்பிட்டால் அந்த ஏற்பாடு முழுவதும் கலைந்துவிடும். அடுத்த ப்ளே மறுபடி முதலிலிருந்து தொடங்கும். திரும்பத் திரும்ப வரும் சத்தத்துக்கு ஸ்டாப்புக்குப் பதில் பாஸ் செய்து, கரண்ட்டைமை 0 ஆக்குங்கள். ஒரு பிளேயரால் தன்மேல் தானே ஒலிக்க முடியாது. காசுச் சத்தத்துக்கு மூன்று நான்கு பிளேயர் வேண்டும். எஃபெக்ட் பத்தைத் தாண்டினால் இந்த வழி கட்டுப்படியாகாது.

அதற்கு மேல், பல சத்தங்களைக் கலந்து ஒலிக்கும் ஏவிஆடியோஎன்ஜின். ஒவ்வொரு ஃபைலையும் ஏவிஆடியோஃபைலால் திறந்து, அதன் ப்ராசசிங் ஃபார்மேட்டில் ஒரு பிசிஎம் பஃபர் உருவாக்கி, முழுக்கப் படித்து டிக்ஷனரியில் வைத்துக்கொள்ளுங்கள். பிளேயர் நோடு 8 முதல் 12 வரை முன்னாலேயே இணைத்து, என்ஜினை ஸ்டார்ட் செய்து, சுழற்சி முறையில் பயன்படுத்துங்கள். ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஸ்கெட்யூல்பஃபர் மட்டும், இன்டரப்ட்ஸ் ஆப்ஷனோடு (அந்த நோடில் முந்தியதை நிறுத்திவிட்டு ஒலிக்கும்).

மெமரிக் கணக்கு இங்கே மாறும். ப்ராசசிங் ஃபார்மேட் 32 பிட் ஃப்ளோட், சாம்பிளுக்கு 4 பைட். தட்டானின் 72 விநாடி மோனோ இங்கே 6.9 எம்பி அல்ல, 13.8.

நோடை மிக்சரோடு இணைத்த ஃபார்மேட்டும் பஃபரின் சேனல் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தாக வேண்டும். 59 மோனோவுக்கு நடுவில் ஒரு ஸ்டீரியோ ஃபைல் நுழைந்தால் அந்தச் சத்தம் வரும் இடத்தில் ஆப் கவிழும். லோட் செய்யும்போதே சேனல் எண்ணிக்கையைச் சோதித்து, பொருந்தாததை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆடியோ செஷனை (ஐஓஎஸ்ஸிடம் ஆப் ஒலிக்க அனுமதி பெறும் இணைப்பு) ஆக்டிவ் ஆக்கும் கட்டளை முடியும்வரை அந்த த்ரெட்டைப் பிடித்து வைக்கும். லோடிங் திரையிலேயே முடித்துவிடுங்கள், முதல் சத்தத்துக்கு விட்டுவைக்க வேண்டாம்.

#19 தட்டான்

மருதம், நன்றி. யூனிட்டியில் ஐஓஎஸ் பில்டிலும் இப்போது திக்கல் இல்லை. மிச்சம் ஒன்று: காசுச் சத்தம் லோட் ஆகியிருந்தும் கை பட்டதற்கும் கேட்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரிகிறது. இரண்டு போனிலும். டிஎஸ்பி பஃபரை (ஒலியை எத்தனை சாம்பிள் கொண்ட துண்டாகத் தயாரிப்பது என்ற செட்டிங்) ‘பெஸ்ட் லேட்டன்சி’ ஆக்கிப் பார்க்கலாமா?

#20 சுரபேதம்

அதற்கு முன் ஃபைலை ஆடாசிட்டி ஒலி எடிட்டரில் திறந்து தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலை தொடங்கும் இடத்துக்கு முன்னால் 20, 30 மில்லிவிநாடி வெறுமை இருந்தால் எந்த செட்டிங்கும் உதவாது. முதல் அலை எழும் இடத்துக்கு ஒட்டி வெட்டி, ‘டிக்’ என்று கேட்காமலிருக்க 1 அல்லது 2 மில்லிவிநாடி ஃபேட் இன் வையுங்கள்.

அந்த வேவ் எம்பி3-யிலிருந்து மாற்றியதா என்றும் பாருங்கள். எம்பி3 என்கோட், டிகோட் இரண்டும் சேர்ந்து முன்னால் வெறும் சாம்பிள்களை நுழைக்கும். லேம் என்கோடரில் வழக்கமாக 1,105 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸில் 25 மில்லிவிநாடி. ஏஏசி ஒலி வடிவத்தில் பெரும்பாலும் 2,112 சாம்பிள், 48 மில்லிவிநாடி. சில டிகோடர் இதை வெட்டித் தரும், சில தராது. வேவாக மாற்றும்போது அந்த வெறுமையும் நிரந்தரமாக உள்ளே ஒட்டிக்கொள்ளும். எஃபெக்டுக்கான மூலம் எப்போதும் வேவாகவே இருக்கட்டும். லூப் ஆகும் சத்தங்களில் இது இன்னும் கொடுமை, ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டை விழும்.

#21 தட்டான்

திறந்து பார்த்தேன், காசு ஃபைலில் முன்னால் 31 மில்லிவிநாடி வெறுமை. 60-இல் 22 ஃபைலில் 15-க்கு மேல் இருக்கிறது.

#22 சுரபேதம்

22-ஐயும் வெட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால் டிஎஸ்பி பஃபரைத் தொடுங்கள். பெஸ்ட் லேட்டன்சி 256 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸில் 5.3 மில்லிவிநாடி. குட் லேட்டன்சி 512. பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் 1,024, அதாவது 21.3. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட பஃபர் வரிசையில் நிற்கும், அதனால் நிஜ வித்தியாசம் இதைவிடக் கூடுதல். ஆனால் 256-இல் சிபியூவுக்கு மூச்சுவிட நேரமில்லை. மலிவான போனில் கரகரப்பு வந்தால் குட் லேட்டன்சிக்குத் திரும்பிவிடுங்கள்.

சோதனையை ப்ளூடூத் இயர்போனில் செய்ய வேண்டாம். அந்தத் தாமதம் 100 மில்லிவிநாடியைச் சாதாரணமாகத் தாண்டும், கேம் பக்கம் எதைச் செய்தும் அதைக் குறைக்க முடியாது.

#23 பனைமரம்

முதல் தடவைத் திக்கல் போய்விட்டதா என்று சரிபார்க்கும்போது போனை ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு ஓட்டுங்க. ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தால் போதாது. ஒரு தடவை படித்த ஃபைல் சிஸ்டத்தின் கேஷில் தங்கியிருக்கும், இரண்டாவது ஓட்டத்தில் எல்லாமே வேகமாகத் தெரியும். ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்கி முதல் தடவை திறப்பவருக்கு அந்த வசதி இல்லை.

#24 கருவண்டு

காடோ என்ற கேம் என்ஜின் பக்கம் சுருக்கமாக: எஃபெக்டுக்கு வேவ், இசைக்கு ஓஜிஜி. ஓஜிஜியை அங்கே ஓடும்போதே டிகோட் செய்ய வேண்டியிருக்கும், வேவுக்கு அந்தச் செலவு மிகக் குறைவு. ஸ்கிரிப்டின் மேலே ப்ரீலோட் என்று எழுதினால் அந்த ஸ்கிரிப்ட் வரும்போதே சத்தமும் வந்துவிடும். ஆட்டத்தின் நடுவில் சாதாரண லோட் கூப்பிட்டால் அங்கே நின்று படிக்கும், அதே திக்கல். காடோ 4-இல் ஆடியோஸ்ட்ரீம்பிளேயரின் மேக்ஸ் பாலிஃபோனி (ஒரே பிளேயரில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் எண்ணிக்கை) 1 ஆக இருக்கும், காசுக்கு 4 வைக்கவும்.

#25 தட்டான்

22 ஃபைலையும் வெட்டி, குட் லேட்டன்சி வைத்ததில் இடைவெளி தெரியவில்லை. கடைசியாக ஒன்று. ஐஓஎஸ்ஸில் வீடியோ விளம்பரம் முடிந்து திரும்பும்போது சில நேரம் எஃபெக்ட் எதுவுமே கேட்பதில்லை. லோட்ஸ்டேட் ‘லோடட்’ என்றே காட்டுகிறது. எல்லாவற்றையும் மறுபடி லோட் செய்ய வேண்டுமா?

#26 மருதம்

வேண்டாம், தரவு மெமரியில் அப்படியேதான் இருக்கிறது. விளம்பரம் ஆடியோ செஷனைத் தன் பக்கம் இழுத்து, போகும்போது திருப்பித் தராமல் விட்டிருக்கலாம். போன் அழைப்பு வந்து போனாலும் இதே கதைதான். யூனிட்டியில் விளம்பரம் மூடியதைச் சொல்லும் கால்பேக்கில் ஆடியோலிசனரின் பாஸ் நிலை இன்னும் ட்ரூவாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சில விளம்பர ப்ளக்இன் அதை ட்ரூ ஆக்கிவிட்டு மறந்துவிடும். அது சரியாக இருந்தும் சத்தம் இல்லை என்றால், சிறிய நேட்டிவ் ப்ளக்இன் ஒன்றால் செஷனை மறுபடி ஆக்டிவ் ஆக்குங்கள். அதுவும் போதாவிட்டால் மட்டும் ஆடியோசெட்டிங்ஸ் ரீசெட். ரீசெட் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் இசை உட்பட எல்லாம் நின்றுவிடும். எந்த டிராக் எந்த இடத்தில் இருந்தது என்பதை முன்னதாகக் குறித்து வைத்துக்கொண்டு நீங்களே மறுபடி தொடங்க வேண்டும்.

ஏவிஆடியோஎன்ஜினில் என்றால் இடையூறு முடிந்த அறிவிப்பில் செஷனை ஆக்டிவ் ஆக்கி என்ஜினை ஸ்டார்ட் செய்தால் போதும், பஃபர்கள் பத்திரமாக இருக்கும். ‘மீடியா சர்வீசஸ் ரீசெட்’ அறிவிப்பு வந்தால் மட்டும் என்ஜின், நோடு எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கியாக வேண்டும். அரிதாக வருவது, ஆனால் அதற்கான கோடு இல்லாத கேம் அந்தப் போனில் மூடித் திறக்கும்வரை ஊமையாகவே இருக்கும். ஐஓஎஸ் டெவலப்பர் செட்டிங்கில் இதைச் செயற்கையாக வரவழைத்துச் சோதிக்க ஒரு பட்டன் இருக்கிறது. வெளியிடுவதற்கு முன் ஆட்டத்தின் நடுவில் ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்கள்.